பாதிப் புத்தகம், முழுப் படம்

இரவு ஷிப்ட் முடிந்து வீடு திரும்பும் நர்ஸுக்கு அரைப் பக்கம் படிப்பதற்குள் கண் சொருகிவிடும். அந்தத் தடித்த நாவல் மாதக்கணக்கில் பாதியைத் தாண்டவில்லை. அதற்குள் அதைப் படமாகவே எடுத்துவிட்டார்கள்.

“முழுசாப் படிச்சுட்டுத்தான் படம் பார்க்கணும்,” என்றாள்.

“நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள தியேட்டரையே இடிச்சுடுவாங்க,” என்றார் பஸ் ஓட்டும் கணவர். “இந்த வாரத்தோட படத்தைத் தூக்கறாங்களாம். வா.”

மல்லுக்கட்டத் தெம்பில்லை, போனாள். விளக்கை அணைத்ததுதான் தெரியும். கணவரின் தோளில் சாய்ந்து அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

எழுப்ப மனம் வராமல் அவர் தனியாகவே பார்த்தார். ரயில் ஓட்டும் ஒரு தகப்பன். பேச்சை முறித்துக்கொண்டு போன மகள். மகள் மனம் மாறி ஓடி வந்தபோது தகப்பனின் உயிர் போயிருந்தது.

விளக்கு வந்ததும் விழித்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். “அழுதீங்களா?”

“ஏசி ஒத்துக்கல.”

“முடிவைச் சொல்லிடாதீங்க. நான் படிக்கணும்.”

சொல்லவில்லை. ஆனால் அந்த முடிவு அவர் மனதைவிட்டுப் போகவில்லை. தன் அப்பாவைப் பார்க்க அவரும் அப்படித்தான் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். யாரிடமும் அதைப் பேசியதில்லை.

“எந்தப் பக்கம் வந்திருக்கே?” என்று தினமும் கேட்பார்.

“நேத்து இருந்த அதே பக்கம்தான்.”

ஒரு ஞாயிறு மதியம் பொறுக்கமாட்டாமல் அவரே புத்தகத்தைக் கையில் எடுத்தார். “நீ படு. நான் படிக்கறேன், கேளு.”

எழுத்துக் கூட்டாத குறையாகத் தடவித் தடவிப் படித்தார். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் படித்தார். தகப்பன் சாகும் கட்டம் நெருங்க நெருங்க இன்னும் மெதுவாகப் படித்தார். அவளோ பாதியிலேயே தூங்கிப்போயிருந்தாள். பக்கத்தைப் புரட்டினார். மகள் வாசலில் செருப்பைக் கழற்றுகிறாள். உள்ளேயிருந்து தகப்பன் இருமுகிறான். “கதவைச் சாத்திட்டு வா, குளிருது,” என்கிறான்.

அந்த வரியை மறுபடியும் படித்துப் பார்த்தார்.

“ஏய், எழுந்திரு! மனுஷன் சாகல!”

“யாரு? எந்த பெட்?” என்று பதறி எழுந்தாள்.

“கதையிலம்மா! படத்துல அநியாயமாக் கொன்னுட்டானுங்க. இங்க ஜம்முனு உக்காந்து இருமிக்கிட்டு இருக்காரு!”

“அடப்பாவி மனுஷா, முடிவைச் சொல்லிட்டீங்களே!” என்றவள் அவர் கண்களைக் கண்டு நிறுத்தினாள். கோபப்படத் தோன்றவில்லை. “மாமாவை நினைச்சுக்கிட்டீங்களா?”

அவர் புத்தகத்தை மடியில் கவிழ்த்தார். “நான் போனப்போ கை சில்லுனு இருந்துச்சு. அரை மணி முன்னாடி வந்திருக்கக் கூடாதான்னு அக்கா கேட்டா.”

அவர் சொல்லச் சொல்ல, அவள் போர்வைக்குள்ளிருந்து கையை நீட்டி அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.