சர்ச் திருப்பத்துக் குழி

...தமிழில் அடித்தால் வெறும் கட்டம் கட்டமாகக் காட்டுகிறது, சைக்கிள் கைப்பிடியில் மாட்டியிருக்கும் இந்தத் தீப்பெட்டி அளவு ஜிபிஎஸ்ஸுக்கு என் மொழி தெரியாதாம், சரி போ, ஆங்கில எழுத்திலேயே ‘குழி’ என்று அடித்துத் தொலைக்கிறேன், ஆனால் எந்த இடத்தில்? நாளைய பாதை கைபேசியில் நீலக்கோடாக ஓடுகிறது, மயிலாப்பூர், சாந்தோம், அடையாறு பாலம், பெசன்ட் நகர், பாலவாக்கம்... கோட்டில் எங்கே விரலை வைத்து எழுதுகிறேனோ அந்த இடம் வருவதற்குச் சற்று முன்பே பீப் என்று கத்தி எச்சரிக்கும். வைக்க வேண்டியதுதானே, நீரஜா? இரண்டு வருடமாக ஞாயிறு தவறாமல் மிதித்த சாலை, ஒரு வேகத்தடைகூடவா நினைவில்லை? இல்லை. ராகேஷின் இடது கைதான் நினைவுக்கு வருகிறது. முன்னால் போகிறவன் கையை முதுகுப் பக்கம் இறக்கி, விரலால் காட்டி, ‘குழி’ என்று கத்துவான், பின்னால் வருகிறவள் ‘பாத்தாச்சு’ என்று குரல் கொடுக்க வேண்டும், அதுதான் எங்கள் சட்டம். நான் எங்கே பார்த்தேன்? கடிகாரம் கட்டிக் கட்டி வெளுத்துப்போன அந்த மணிக்கட்டைத்தான் பார்த்தேன், அது காட்டிய பக்கத்தை விட்டு விலகினேன், சாலையை யார் பார்த்தார்கள்.

இப்போது அந்தக் கை கோயம்புத்தூரில் பட்டுப்புடவை விரித்துக்கொண்டிருக்கும். அவர்கள் குடும்பத்துத் தி.நகர் ஜவுளிக்கடைக்கு அங்கே புதுக் கிளை, வீட்டுக்கு மூத்தவன், போய்த்தானே ஆகவேண்டும், போனான், போகும்போது ஒரு வார்த்தை... நான் மட்டும் சொன்னேனா என்ன? ‘ரூட்ல அலர்ட் போட்டுக்க நீரஜா, தனியா ஓட்டலாம், பயமில்ல’ என்றான். சைக்கிள் ஓட்டப் பயம் என்று இவனிடம் யார் அழுதார்கள்? எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு குழிதான், பெசன்ட் நகர் சர்ச்சைத் தாண்டிக் கடற்கரைப் பக்கம் திரும்புகிற இடம், ஒரு வாரம் விடாமல் கத்துவான். முதலில் அதையாவது சரியான இடத்தில் வைத்துவிடலாம் என்றுதான் சனிக்கிழமை சாயங்காலம் இவ்வளவு கூட்டத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு இங்கே வந்து நிற்கிறேன்.

குழியைக் காணோம். ஒட்டுப்போட்ட அடையாளம்கூட இல்லை. நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் டீ குடிக்கிற கடை எதிரிலேயே இருக்கிறது, அப்துல் சமத் பாயிடம் கேட்டேன், இந்தத் திருப்பத்துல இருந்த குழிய எப்ப மூடினாங்க பாய்? “குழியா? இன்னாம்மா நீ, நான் கட போட்ட நாள்லேர்ந்து ரோடு இப்படித்தான் கீது. கூட வர்ற சாரு எங்க, தனியா வந்துகீற?” ஊருக்குப் போயிருக்கார் என்றேன். நாளைக்கே திரும்பி வந்துவிடுகிறவனைப் போல.

அப்படியென்றால் இல்லாத குழிக்கா கை காட்டினான், வாரா வாரம்? இந்த இடத்தில் கடல்காற்று காதை அடைக்கும், பின்னால் வருகிற சக்கரத்தின் சத்தம் முன்னால் போகிறவனுக்குக் கேட்காது... அதற்காகவா? போன ஞாயிறு, கடைசி ஞாயிறு, இங்கேதான் ‘குழி’ என்றான், எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, பதில் சொல்லவில்லை. சட்டென்று பிரேக் பிடித்தான், காலை ஊன்றித் திரும்பினான், முகமே சரியில்லை, ‘என்னாச்சு, சத்தத்தையே காணோம்?’ ‘தொண்டை கட்டிண்டுடுத்து’ என்றேன், மடச்சி. அவன் தன் தண்ணீர் பாட்டிலை என்னிடம் நீட்டிவிட்டுத்தான் ஏறி மிதித்தான். இப்போது போன் போட்டுக் கேட்கலாம், என்னவென்று கேட்பது, குழி எங்கேடா என்றா?

நீலக்கோட்டில் இந்தத் திருப்பத்தில் விரலை வைத்து, குழி என்றே அடித்துச் சேமித்தேன். சைக்கிளைச் சர்ச் வரை உருட்டிப் போய், ஏறி, திரும்பி மிதித்து வந்தேன். பீப் என்றது. ‘பாத்தாச்சு’ என்று வாய் தானாகக் கத்திவிட்டது, பலூன் வாங்கிக்கொண்டிருந்த யாரோ திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் இவ்வளவு ஆசையாகவா இருக்கும்? இரண்டு வருடமாக, காற்றுக்கு நடுவே இந்தக் குரலைத்தான் அவன் கேட்டுக்கொண்டிருந்தானா?