ஐந்தாவது பீரியட் வெண்டை

பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் நட்ட வெண்டைச் செடிகள், வியாழக்கிழமை ஐந்தாவது பீரியடில் மட்டும் வளர்ந்தன. மணி அடித்ததும் நிறுத்திக்கொண்டன. மற்ற நேரங்களில் அவை வாடவும் இல்லை, வளரவும் இல்லை. ஊற்றிய தண்ணீர் இலை மேல் அப்படியே அடுத்த வியாழன் வரை உருண்டு நின்றது. ஒருமுறை சுவர் தாண்டி வந்த ஆடு ஒன்று அரை நாள் கடித்துப் பார்த்துவிட்டு, பல் வலியோடு திரும்பிப் போனது. நேரப்பட்டியலில் விவசாயத்துக்கு வாரம் நாற்பது நிமிடம்தான் என்று போட்டிருந்தது. செடிகள் அதற்குக் கட்டுப்பட்டன. பிள்ளைகளை விட செடிகளுக்கு ஒழுக்கம் அதிகம் என்று தலைமையாசிரியை கூட்டத்தில் பாராட்டினார்.

இதனால் பிழைத்தது செடி டீச்சர். மண்ணில் கை வைத்துப் பிள்ளைகள் விவசாயம் பழக வேண்டும் என்று மேலிடம் திடீரென முடிவெடுத்தபோது, அவளைத் தற்காலிகமாக எடுத்தார்கள். "இப்பணி அறுவடை முடியும் வரை மட்டும்" என்று உத்தரவில் இருந்தது. மிஞ்சிப்போனால் மூன்று மாதம் என்று நினைத்து எழுதியவர் ஓய்வு பெற்று, அவருக்குப் பின் வந்தவரும் ஓய்வு பெற்றுவிட்டார். அவளுடைய கணவர் எந்த வேலையிலும் ஒரு மாதத்துக்கு மேல் ஒட்டாத மனிதர். வீட்டில் அடுப்பு எரிந்தது அவள் சம்பளத்தில்தான். "அந்தச் செடிங்க நல்லா இருக்கட்டும். ஆனா காய்ச்சிடாம பாத்துக்க" என்று அவர் அடிக்கடி சொல்வார். கணக்கு சார் ஒரு நாள் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வெண்டை காய்க்க ஐம்பது நாள். நாற்பது நிமிடமாகப் பிரித்தால் ஆயிரத்து எண்ணூறு பீரியட். வருடத்துக்கு முப்பத்தாறு வாரம் என்றால் ஐம்பது வருடம்.

அதுவும் அவர் பீரியடை விட்டுக்கொடுத்தால்தான். ஒரு வியாழன் விட்டு ஒரு வியாழன் அவர் வாசலில் வந்து நிற்பார். "இந்த ஒரு பீரியட் மட்டும் குடுங்க டீச்சர், போர்ஷன் முடியல." தற்காலிக டீச்சர் நிரந்தர சாரிடம் எப்படி மாட்டேன் என்பது? கொடுத்துவிடுவாள். பிள்ளைகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாய்ப்பாடு சொல்வார்கள். செடிகள் வெளியே கணக்குக் கேட்டபடி சும்மா நிற்கும்.

முதல் வருடம் நட்டவர்கள் முப்பத்திரண்டு பேர். ஆளுக்கு ஒரு குழி, ஒரு விதை, வருகைப் பதிவேட்டின் எண் எழுதிய ஒரு குச்சி. ஒரு விரல்கணு ஆழத்தில் போடச் சொன்னாள். பத்தொன்பதாம் எண் பையன் மட்டும், ஒரு கணுவுக்கே செடி வருமென்றால் ஆழம் கூடக் கூடப் பெரிதாக வரும் என்று கணக்குப் போட்டு, முழங்கை வரை கையை விட்டு விதையைப் போட்டான். முப்பத்தொன்று முளைத்தன, அவனுடையது முளைக்கவில்லை. அவள் அந்தக் குழியைத் தூர்க்கவும் இல்லை, வேறு விதை போடவும் இல்லை. அதன் பின் ஒவ்வொரு வருடமும் யார் பத்தொன்பதாம் எண்ணோ அந்தப் பிள்ளை வெறும் குழிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, தன் தலையெழுத்தை நொந்துகொண்டது.

இப்படி இருபத்திரண்டு வருடம் போயிற்று. செடிகளுக்குப் பதினொரு நாள் வயது, மூன்றாவது இலை விட்டிருந்தன. அந்த வருடம் மூன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒரு சிறுமி, ஏழாம் குச்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். "இது எங்கம்மா நட்டது டீச்சர். எப்ப காய்க்கும்னு அம்மா கேக்கச் சொன்னாங்க." செடி டீச்சர் சாய்ந்திருந்த குச்சியை நிமிர்த்தி வைத்தாள். இத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு நடக் கற்றுக்கொடுத்தாள், ஊற்றக் கற்றுக்கொடுத்தாள். ஒரு பிள்ளை கையில்கூட ஒரு காயைக் கொடுத்ததில்லை. அன்று வீட்டில் சொன்னபோது கணவர் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தார்.

"காய்ச்சா வேலை போயிடும், தெரியும்ல?"

"தெரியும்."

"அப்புறம் என்ன?"

"அந்தப் பொண்ணுக்கு என்ன பதில் சொல்றது?"

அடுத்த வியாழன் கணக்கு சார் வாசலில் வந்து நின்றபோது, அவள் முதல் முறையாக முடியாது என்றாள். காரணத்தையும் சொன்னாள். அவர் ஆசிரியர் அறைக்குப் போய் பென்சிலோடு உட்கார்ந்தார். தான் எடுத்தது முந்நூற்றுத் தொண்ணூற்றாறு பீரியட் என்று வந்ததும் மனிதர் ஆடிப்போனார். நேரப்பட்டியல் போடுகிறவரும் அவரேதான். அடுத்த வருடம் மூன்றாம் வகுப்புக்கு நாற்பது கட்டத்திலும் விவசாயம் என்று எழுதினார். அந்தச் சிறுமிக்காக அவளுடைய வகுப்பை அதே மூன்றாம் வகுப்பில் இன்னொரு வருடம் உட்கார வைத்தார்கள். பிள்ளைகளுக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. கணக்கு என்னாவது என்று தலைமையாசிரியை கேட்டதற்கு, "வெண்டைக்காய் தின்னா கணக்கு தானா வரும் மேடம்" என்றார் கணக்கு சார்.

செடிகள் திங்கள்கிழமை முதல் பீரியடிலேயே வளரத் தொடங்கின. பிள்ளைகள் களை பறித்தார்கள், புழு பொறுக்கினார்கள், களையும் புழுவும் தீர்ந்தபின் இலைகளை எண்ணிக் கூட்டிப் பெருக்கினார்கள். நூற்றெழுபத்தாறாம் நாள் காய் பறிக்கும் பதத்துக்கு வந்தது.

முதல் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பஸ் ஓட்டுகிறவர், பல் டாக்டர், பூக்கடைக்காரி என்று வந்து, எண் வரிசையில் உயரம் தாறுமாறாக நின்றார்கள். செடி டீச்சர் பெயர் கூப்பிட்டாள், அவர்கள் "உள்ளேன் டீச்சர்" என்றார்கள். ஏழாம் எண்காரி தன் காயின் நுனியை ஒடித்துப் பார்த்தாள். பட்டென்று ஒடிந்தது. இருபத்து மூன்று வருடத்துக் காய், பிஞ்சாகவே இருந்தது. பாதியை மகளுக்குக் கொடுத்தாள். மகள் அப்படியே மென்று தின்றுவிட்டு, வழவழவென்று இருக்கிறது என்றாள். செடி டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டாள்.

பத்தொன்பதாம் எண்காரன் வரிசையில் இல்லை. அவன் இப்போது கல்வி அலுவலகத்தில் எழுத்தர். கையில் ஒரு உறையோடு ஓரமாக நின்றான். அறுவடை முடிந்ததால் பணி முடிவுறுகிறது என்ற உத்தரவு. அவனே தட்டச்சு செய்தது. அவள் எதிர்பார்த்துத்தான் இருந்தாள். மண்வெட்டி அறைச் சாவியைச் சேலையில் துடைத்து நீட்டினாள்.

அவன் சாவியை வாங்கவில்லை. தன் குச்சி இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். மண் ஒரு விரல் அகலத்துக்கு வெடித்திருந்தது. உள்ளே இரண்டு விதையிலைகள் கழுத்தை வளைத்துக்கொண்டு மேலே வந்துகொண்டிருந்தன.

"இது என்னோடதா டீச்சர்?"

"வேற யாரோடது? முழங்கை வரைக்கும் விட்டியே, இப்பதான் வந்து சேருது."

அவன் உறையைப் பிரித்து ஒருமுறை படித்தான். நான்காக மடித்துப் பைக்குள் வைத்தான். அலுவலகத்துக்குத் திரும்பி, கோப்பில் "அறுவடை முடியவில்லை, பயிர் நிற்கிறது" என்று எழுதிக் கையெழுத்துக்கு வைத்தான். யாரும் கேள்வி கேட்கவில்லை.

மறு வருடம் பெற்றோர் சண்டை போட்டதில், விவசாயம் பழையபடி வாரம் நாற்பது நிமிடமானது. இனி காய்க்க நாற்பத்தைந்து வருடம் ஆகும் என்று, ஓய்வு பெற்றுப் போகும் நாளில் கணக்கு சார் எழுத்தரிடம் சொன்னார். அவன் சரி என்றான். வியாழன்தோறும் ஐந்தாவது பீரியடுக்கு வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போகிறான். புதிதாக வந்த கணக்கு டீச்சர் முதல் வாரமே வாசலில் நின்று, இந்த ஒரு பீரியட் மட்டும் கிடைக்குமா என்று கேட்டாள்.

"இல்லம்மா" என்றாள் செடி டீச்சர். "பத்தொன்பது வந்திருக்கான்."