அடைக்கலம் வாயில் நின்ற பாக்கு

1953 தை மாதம் அடைக்கலம் வாயில் போட்ட நிச்சயதார்த்தப் பாக்கு ஒன்பது வருடம் கரையவில்லை. ஸ்ரீரங்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். கொள்ளிடக் கரையில் அவருக்கு ஒரு கமுகந்தோப்பு இருந்தது. காந்தி மார்க்கெட்டில் அவர் மூட்டையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் இறக்கிக்கொள்வார்கள். அதைவிட அவருடைய கைவைத்தியத்துக்குப் பேர் அதிகம். குழந்தைக்கு வயிற்றில் பூச்சி என்றால் முற்றிய கொட்டைப்பாக்கை இடித்து மோரில் கலக்குவார்; அளவு மீறினால் பிள்ளைக்குத் தலை சுற்றும் என்று தன் கையாலேயே புகட்டுவார். பல் ஆடினால் கருக்கிய பாக்கும் உப்பும். வாய்ப்புண்ணுக்குக் கமுகு வேர்க் கஷாயம். எலும்பு முறிந்தால் பாக்கு மட்டையை ஊறவைத்து, வளைத்துக் கட்டுவார். ஊர் வாயையெல்லாம் சரிசெய்த மனிதருக்குத் தன் வாய் விஷயத்தில்தான் புத்தி வேலை செய்யவில்லை.

மகள் அழகம்மாளை மணப்பாறை மாட்டுத் தரகர் பிச்சைமுத்துவின் மகன் காத்தமுத்துவுக்குப் பேசினார்கள். அவர்கள் வழக்கத்தில் தட்டு மாற்றினால் மட்டும் போதாது. சபை நடுவே இரண்டு தகப்பன்மாரும் வெற்றிலை பாக்குப் போட்டு, பாக்கை மென்று விழுங்க வேண்டும். அதற்கு முன் துப்பிவிட்டு "வேணாம்" என்று ஒரு வார்த்தை சொன்னால் சம்பந்தம் முறிந்தது, காரணம் கேட்கக்கூடாது. அடைக்கலம் பாக்கைக் கடிக்கப்போன நேரத்தில் அவர் தங்கை வேலம்மாள் பின்னால் வந்து குனிந்தாள்.

"அண்ணே, துப்பிடுங்க. அவனுக்கு இது ரெண்டாம் கல்யாணமாம். மொத பொண்டாட்டிய அடிச்சே கொன்னுட்டானாம். அடுப்படியில அவங்க ஊரு பொம்பளையே சொல்லுது."

துப்புவதற்கு நேரம் தாராளமாக இருந்தது. ஆனால் எதிரே இரண்டு ஊர்ப் பெரிய மனிதர்களும் வேட்டி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். சபையில் துப்பிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு மார்க்கெட்டுக்குப் போவது என்று அடைக்கலம் யோசித்தார். யோசித்தபடியே வெற்றிலைச் சாற்றை மட்டும் விழுங்கினார். தொண்டை அசைந்ததைப் பார்த்து மேளம் கொட்டிவிட்டார்கள். பாக்கு கடிபடாமல் கன்னத்தில் ஒதுங்கி அப்படியே நின்றுவிட்டது. பாவி மனிதர், பெற்ற மகளைவிட வேட்டி மடிப்பு பெரிதாகப் போயிற்று.

கல்யாணம் நடந்தது. அழகம்மாள் ஒரு பொங்கலுக்கு மணிக்கட்டு முறிந்து வந்தாள். அப்பா மட்டை வைத்துக் கட்டினார், எலும்பு கூடியதும் பஸ் ஏற்றிவிட்டார். இன்னொரு வருடம் பல் ஆடி வந்தாள். பல்பொடி கொடுத்து அனுப்பினார். ஒவ்வொரு தடவையும் பஸ் கிளம்பும்போது, "அப்பா, போக வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்கப்பா, இருந்துடறேன்" என்பாள். அவர் வாயெடுப்பார். வார்த்தை பாக்கில் முட்டிக்கொண்டு நிற்கும். பஸ் போய்விடும். வருடத்துக்கு வருடம் அவர் வாயும் சுருங்கி வந்தது. உருண்டைச் சோறு போன வாயில் பிறகு கஞ்சிதான் போயிற்று. பெரியாஸ்பத்திரி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, பாக்குப் போடுகிறவர்களுக்கு இப்படிக் கன்னத்துச் சதை இறுகும் என்றார், சரியாகத்தான் சொன்னார். உள்ளே முழுப் பாக்கு ஒன்று இருப்பதையும் பார்த்து இடுக்கி போட்டு இழுத்தார். அசையவில்லை. அடைக்கலம் வேர்க் கஷாயம் காய்ச்சி மாதக்கணக்கில் கொப்பளித்தார். ஊருக்கெல்லாம் கேட்ட மருந்து அவருக்குக் கேட்கவில்லை.

1962 ஐப்பசி மழையில் அழகம்மாள் நனைந்துகொண்டு வந்தாள். உதைபட்டு ஆறு மாதக் கரு கலைந்திருந்தது. இந்தத் தடவை அவள் எதுவும் கேட்கவில்லை. அப்பாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, சுண்டுவிரலை உதட்டுக்குள் விட்டு நெம்பினாள். இடுக்கிக்கு வராத பாக்கு அவள் விரலோடு வந்துவிட்டது. அடைக்கலம் கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்தார். உடம்பு தேறியதும் அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனாள். தரகர்கள் கூடியிருந்த இடத்தில் மாமனார் முன்னால் ஒரு தட்டை வைத்து, பாக்கையும் தாலியையும் அதில் போட்டாள்.

"எங்கப்பா இதை விழுங்கவே இல்லைங்க. பாத்துக்கங்க."

பாக்கு கைக்குக் கை மாறியது. மாட்டுப் பல்லைப் பார்த்தே வயது சொல்கிறவர்கள் அதை வெயிலில் புரட்டிப் பார்த்தார்கள். பல் பட்ட தடமே இல்லை. வழக்கப்படி இந்தச் சம்பந்தம் நடக்கவே இல்லை என்று ஒத்துக்கொண்டார்கள். பிச்சைமுத்துவாலும் மறுக்க முடியவில்லை. நடக்காத கல்யாணத்தில் போன பிள்ளையைப் பற்றி யாரும் பேசவில்லை.

அழகம்மாள் தோப்பைப் பார்த்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றினாள். பாக்குப் போன பிறகும் அவர் வாய் திறக்கவில்லை. மகள் எதிரே வந்தால் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார். 1965 ஆடியில் காவேரியில் புதுவெள்ளம் வந்த வாரத்தில் இறந்துபோனார். வாய்க்கரிசி போட வந்தவர்கள் அரிசியை உதட்டின் மேலேயே வைத்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியாக அழகம்மாள் குனிந்தபோது, உதட்டு அரிசி சிந்த, வாய் தானாகத் திறந்தது. மார்க்கெட்டில் பேசும் பழைய கணீர்க் குரலில், செத்துக் கிடந்த அடைக்கலம் "வேணாம்" என்றார். மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்தினார்கள். அழகம்மாள் இன்னும் ஏதாவது சொல்வாரா என்று சற்று நேரம் முகத்தையே பார்த்தாள்.

"இப்ப சொல்லி என்னப்பா?" என்று அரிசியை வாய்க்குள் போட்டாள். வாய் மூடிக்கொண்டது.

வெள்ளம் ஏறிக்கொண்டிருந்தது, பொழுது சாய்வதற்குள் கரைக்குப் போயாக வேண்டும். வேலம்மாள் சிந்திய அரிசியைக் கூட்டி ஒதுக்கினாள். மேளக்காரர்கள் மறுபடி அடிக்க ஆரம்பித்தார்கள்.