எதையும் மாற்றிக்கொள்ளலாம்

மாப்பிள்ளையைக் கைநீட்டி அடித்துவிடக் கூடாதே என்று இரண்டு கைகளையும் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் அன்றைக்கு அவர் முன்னால் நின்றேன்.

சாயப்பட்டறையின் கழிவுத் தொட்டிக்குள் இறங்கிச் சேறு அள்ளுவது எனக்கும் என் தம்பிக்கும் பிழைப்பு. அடியில் விஷவாயு கிடக்கும். அதை அளக்க ஒரு கருவியை உள்ளே தொங்கவிட்டிருந்தார்கள். கருவி சொல்வதைப் படித்து அனுப்புகிற புரோகிராமை எழுதியவர் என் மகளைக் கட்டியவர்.

வீட்டுக்கு வந்தபோது அதைக் காட்டினார். "எதையும் மாத்திக்கலாம் மாமா. எத்தனை நொடிக்கு ஒருதரம் படிக்கணும், எந்த அளவு தாண்டினா எச்சரிக்கணும், யாருக்கு அனுப்பணும், எல்லாம் அவங்கவங்க இஷ்டம்."

"அப்படியே எங்க அண்ணி கோபத்தையும் கொஞ்சம் குறைச்சு வைங்க மாப்பிள்ளை" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம்.

அந்தத் தம்பியைத்தான் அன்று இடுப்பில் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்து மேலே இழுத்தேன். வாயெல்லாம் நுரை. தொட்டி ஓரத்தில் மாட்டியிருந்த சைரன் மூச்சு விடவில்லை. வாயு ஏறியதைக் கருவி படித்திருக்கிறது. மேனேஜரின் போனுக்கு ஒழுங்காகச் சேதியும் போயிருக்கிறது. போனை மேஜையில் போட்டுவிட்டு அவர் சாப்பிடப் போயிருக்கிறார்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மாப்பிள்ளையின் ஆபீஸுக்குப் போனேன்.

"சைரன் ஏன் கத்தலை மாப்பிள்ளை?"

"ஆபீஸுக்குத் தொந்தரவா இருக்குன்னு மேனேஜர் ஆஃப் பண்ணியிருக்காரு மாமா. புரோகிராம்ல தப்பு இல்ல."

"உள்ள இறங்கறவனுக்குச் சொல்லாத பெட்டியை எதுக்குங்க உள்ள தொங்கவிட்டீங்க?"

"மெதுவா பேசுங்க மாமா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். சைரன் போடாத சத்தத்தை நான் போடறேன்."

திரையை என் பக்கம் திருப்பினார். நரைத்தபிறகு படித்த எழுத்து, கூட்டிக்கூட்டித்தான் வாசித்தேன். 'சைரன்: வேண்டாம்.'

"'வேணும்'னு மாத்திடறேன் மாமா. ஒரு நொடி வேலை."

அங்கேதான் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. "ஒரு நொடியில நீங்க மாத்துவீங்க. நீங்க அந்தப்பக்கம் போனதும் ஒரு நொடியில அந்த ஆளு மாத்துவான். இந்த வரியே இருக்கக் கூடாதுங்க. எவனும் தொடமுடியாதபடி செய்ங்க."

"மேனேஜர் ஒத்துக்க மாட்டாரு. என் வேலையே போயிடும் மாமா."

"அப்ப அவரையே இறங்கிச் சேறு அள்ளச் சொல்லுங்க. தொட்டி மூடிமேல நான் உக்காந்திருப்பேன். சைரன் கத்துதான்னு காதால கேட்டுப் பாக்காம ஒருத்தன் உள்ள கால் வைக்க மாட்டான்."

மறுநாள் காலையில் தொட்டியின் இரும்பு மூடிமேல் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மேனேஜர் வந்து குதித்தார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெயில் ஏற ஏற மூடி சுட்டது. அப்போதுதான் மாப்பிள்ளை லேப்டாப்போடு வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடி ஓரத்து ஓட்டை வழியாகக் கருவியை வெளியே எடுத்து, சோதனைக்கு வைத்திருந்த வாயுப் புட்டியை அதன்மேல் திறந்தார்.

சைரன் அலறியது.

"நிறுத்துய்யா அதை!" மேனேஜர் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தார்.

"முடியாது சார்" என்றார் மாப்பிள்ளை. "வாயு குறைஞ்சாதான் நிக்கும். நிறுத்தற வசதியை எடுத்துட்டேன்."

நான் மூடியை விட்டு எழுந்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. தம்பி இன்னும் கண் திறக்கவில்லை. கட்டிய கைகளை அவிழ்க்காமலே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன்.