இன்னும் ஒரு அரைச் சுற்று

திரிபுரசுந்தரிக்கு ஒரு ஸ்க்ரூடிரைவரை ஒழுங்காகப் பிடிக்கத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டராகச் சேர்ந்து போர்மேனாக ரிட்டையர் ஆனவரின் பெண்டாட்டி ஆயிற்றே. ஆனால் அதுதான் காரணமே. ஜெகதீஸ்வரன் இருந்தவரை, திருமுல்கேரி வீட்டில் அவள் ஒரு பல்பைக்கூட மாட்டியதில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டால் போதும், "கைய எடு சுந்தரி, நீ தொட்டா ஒரு வேலை ரெண்டு வேலையாயிடும்" என்று வந்துவிடுவார்.

கெட்ட மனிதர் என்று நினைத்துவிடாதீர்கள். குழாய், மோட்டார், மிக்ஸி, கார் எதற்கும் வெளியாளைக் கூப்பிட்டதில்லை. எதை முடுக்கினாலும் முடுக்கி முடித்துவிட்டு, போதாதென்று இன்னும் ஒரு அரைச் சுற்று சுற்றுவார். அவர் மூடிய ஊறுகாய் ஜாடியை அவரேதான் திறக்க வேண்டும். சிரித்துக்கொண்டே திறந்தும் கொடுப்பார்.

சித்திரை வெயிலில் ஒருநாள், சாப்பிட்டுவிட்டுச் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியத்தன்று படையல் போட்டார்கள். போனவருக்குப் பிடித்ததை இலையில் வைப்பது அவர்கள் வழக்கம். சில வீடுகளில் பீடிக்கட்டு வைப்பார்கள், சில வீடுகளில் குவார்ட்டர் பாட்டிலே வைப்பார்கள். ஜெகதீஸ்வரனுக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. திரிபுரசுந்தரி கொஞ்சம் யோசித்தாள். உள்ளே போய் அவருடைய ஸ்பேனர் பெட்டியைத் தூக்கி வந்து, வடைக்கும் மீன் குழம்புக்கும் நடுவே வைத்தாள்.

"இதெல்லாமா படையல்ல வெப்பாங்க?" என்று பக்கத்து வீட்டு கமலா காதோரம் கேட்டாள்.

"அவருக்குப் புடிச்சது இதுதான் கமலா. வேற என்னத்த வெப்பேன்?"

கற்பூரம் காட்டி, கதவைச் சாத்தி, அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று எல்லோரும் வாசலில் நின்றார்கள். பிறகு திறந்து, இலையை எடுத்து, பெட்டியைத் துடைத்துக் கூடத்து மேசைமேல் வைத்தார்கள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

மகள் தேஜஸ்வினி பூனாவில் வேலையில் இருந்தாள். காரியம் முடிந்து கிளம்பும்போது கறாராகச் சொன்னாள். "அம்மா, நான் தசராவுக்கு வரேன். அதுக்குள்ள நீ தனியா மேனேஜ் பண்ணிக் காட்டு. இல்லன்னா வீட்ட வித்துட்டு என்கூட வந்துடணும். நோ டிஸ்கஷன்."

பூனாவில் ஏழாம் மாடியில் உட்கார்ந்து லிஃப்ட் சத்தம் கேட்டுக் கிடப்பதற்குத் திரிபுரசுந்தரிக்கு மனமில்லை. இந்த வீடு, இந்தத் தெரு, வாசலில் நிற்கும் கார் (ஓட்ட மட்டும் தெரியும்), நினைத்தபோது மார்க்கெட். இதை விடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு கட்டினாள். ஹப்சிகுடாவில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்களுக்கு வீட்டு ரிப்பேரும் கார் ரிப்பேரும் சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தாள்.

சொல்லிக் கொடுப்பவள் சுமலதா. மல்லாபூரில் ஃபேக்டரிகளுக்கு நடுவே சொந்தமாக மெக்கானிக் ஷெட் வைத்திருப்பவள், வாய்த்துடுக்குக்காரி. "ஆன்ட்டி, குழாயக் கழட்டறதுக்கு முன்னாடி மெயின் வால்வ மூடணும். இல்லன்னா குளிச்சுட்டே வேலை பாக்கலாம், ஷாம்பு எடுத்துட்டு வாங்க" என்பாள். வகுப்பே சிரிக்கும்.

வீட்டுக்கு வந்து, பழகிப் பார்க்கலாம் என்று சமையலறைக் குழாயைக் கழற்றினாள் திரிபுரசுந்தரி. கழற்றிவிட்டாள், மாட்டத்தான் வரவில்லை. அப்படியே போட்டுவிட்டு, வழக்கம்போல் அவர் போட்டோவைப் பார்த்து 'போயிட்டு வரேங்க' என்று சொல்லி மார்க்கெட்டுக்குப் போனாள். திரும்பி வந்தால் குழாய் மாட்டியிருந்தது. துடைத்துப் பளபளவென்று வேறு இருந்தது. சமையலறை முழுக்கக் கிரீஸ் வாசனை, அதோடு லேசாக விபூதி வாசனை.

பயப்பட்டாளா என்று கேட்டால், இல்லை. கீழே உட்கார்ந்து அழுதாள். "வந்துட்டீங்களா" என்றாள். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். யாரிடமும் சொல்லவுமில்லை.

பிறகு ஆடிக்கொண்டிருந்த குக்கர் பிடி சரியாயிற்று. கரகரத்த ஃபேன் அடங்கிற்று. எல்லாம் அவள் வெளியே போயிருக்கும் பட்டப்பகலில்தான்.

"என்னக்கா, வீட்ல ஆள் விட்டு வேலை செய்றீங்களா?" என்று ஒருநாள் கமலா சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கேட்டாள். "நீங்க கிளம்பிப் போனதும் கிர்ரு கிர்ருனு முடுக்கற சத்தம். நிக்கவே மாட்டேங்குது."

"ரேடியோவா இருக்கும்" என்றாள் திரிபுரசுந்தரி. அவள் வீட்டில் ரேடியோ கிடையாது.

அப்புறம்தான் இறுகத் தொடங்கியது. குழாயைத் திறக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. சர்க்கரை டப்பா திறக்கவில்லை, உப்பு டப்பா திறக்கவில்லை. வகுப்பில் டயர் மாற்றிப் பழகக் காரைக் கொண்டு போனால், வீல் நட்டு ஒன்றுகூட அசையவில்லை. சுமலதா ஸ்பேனர்மேல் ஏறி நின்று குதித்துப் பார்த்தாள்.

"கைக்கு ஆன்ட்டி, எதுக்கு இவ்ளோ டைட்டு? சக்கரம் ஓடிப்போயிடும்னு பயமா?"

"நான் தொடவே இல்லம்மா."

"அப்ப பேய்தான் முடுக்குச்சு" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த ஆளிடம் போனாள். திரிபுரசுந்தரி அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஒன்று அவளுக்குப் புரிந்திருந்தது. அவள் எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டு வரும் நாளில்தான் வீடு கூடுதலாக இறுகியிருக்கும்.

சாயங்காலம் போட்டோ முன்னால் நின்று தன்மையாகத்தான் சொன்னாள். "நானே பாத்துக்கறேங்க. எனக்கு வருது இப்ப. நீங்க விடுங்க." மறுநாள் ஜன்னல் கொக்கிகள் ஒன்றும் அசையவில்லை.

அடுத்த ஞாயிறு காலை. காபி குடித்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் கதவுக்கு வந்தாள். தாழ்ப்பாள் நகரவில்லை. எண்ணெய் விட்டாள், துணி சுற்றி இழுத்தாள், நகரவில்லை. தாழ்ப்பாளின் திருகாணித் தலைகள் புதுசாகக் கீறிப் பளிச்சென்று இருந்தன. பின்கதவுக்கு ஓடினாள். அங்கேயும் அதே கீறல். காபி குடித்த நேரத்துக்குள். அதுவரை அவள் வெளியே போனால்தான் நடக்கும். இப்போது அவள் உள்ளே இருக்கும்போதே நடந்திருக்கிறது.

கூடத்துக்குத் திரும்பினாள். மேசைமேல் ஸ்பேனர் பெட்டி திறந்து கிடந்தது.

கமலாவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தாள், வைத்துவிட்டாள். ஆளைக் கூப்பிட்டுக் கதவை உடைத்தால் சேதி பூனாவுக்குப் போகும். அப்புறம் வீடு போய்விடும். சுமலதா சொன்னது ஞாபகம் வந்தது. தாழ்ப்பாள் பக்கம் மாட்டிக்கொண்டால் கீல் பக்கம் போங்கள், கீலைக் கோத்திருக்கும் கம்பி முள்ளைத் தட்டி எடுத்தால் கதவே கையோடு வந்துவிடும்.

பெட்டியிலிருந்து எதையும் எடுக்கக் கை வரவில்லை. ஒரு பெரிய ஆணியும் இஞ்சி தட்டும் குழவியும் கொண்டு வந்தாள். ஆணியைக் கீல் முள்ளுக்கு அடியில் வைத்துத் தட்டினாள். மேல் கீல் வந்தது. கீழ்க் கீல் முள்ளு பாதி எழும்பியது. மூச்சு வாங்கிக்கொண்டு நெற்றியைத் துடைத்தாள். அவள் கண்ணெதிரே முள்ளு மெல்ல இறங்கியது. யாரோ மேலேயிருந்து கட்டைவிரலால் அழுத்துகிற மாதிரி, அவசரமே இல்லாமல், அடிவரைக்கும்.

மறுபடி தட்டினாள். எழும்பியது, இறங்கியது. புறங்கையில் கிரீஸ் வாசனையோடு சூடான மூச்சு வந்து விழுந்தது.

அவள் கத்தவில்லை. நாற்பது வருஷம் குடித்தனம் செய்த குரலில்தான் பேசினாள். "என்னங்க, எனக்கு கிளாசுக்கு லேட் ஆவுது. கைய எடுங்க."

அவள் தட்டினாள். முள்ளு கழன்று கீழே உருண்டது.

கழன்ற கதவைச் சும்மா சாத்தி வைத்துவிட்டுப் போனவள், வகுப்பு முடிந்து சுமலதாவைக் கையோடு கூட்டி வந்தாள். சுமலதா இரண்டு தாழ்ப்பாளையும் மாற்றி, கதவையும் மாட்டிக் கொடுத்தாள். பழைய திருகாணிகளை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். போகும்போது, "ஆன்ட்டி, இங்க ஒண்டியா படுக்காதீங்க" என்றாள்.

ஆனால் எங்கே போய்ப் படுப்பது? தசராவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. தெருவில் பெண்கள் பூவடுக்கைச் சுமந்து, தசரா சமயத்துப் பதுக்கம்மா பாட்டுப் பாடிக்கொண்டு போனார்கள். அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் ஆயுத பூஜை ஞாபகம் வந்தது. அந்த ஒருநாள் மட்டும் ஜெகதீஸ்வரன் எதையும் தொடமாட்டார். ஒரு வருஷம் பூஜையன்று மாடித் தொட்டி உடைந்து படியெல்லாம் தண்ணீர் ஓடியது. இவள் கெஞ்சியும், "பூஜைல வெச்ச ஆயுதத்த எடுக்கக்கூடாது சுந்தரி, வாளிய வை" என்று உட்கார்ந்துவிட்டார். மறுநாள் விஜயதசமிக்குப் புனர்பூஜை போட்டு, ஸ்பேனரை எடுத்து ஒரு நட்டைத் திருகிய பிறகுதான் தொட்டிப் பக்கமே போனார்.

பூஜையன்று பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கழுவினாள். ஒவ்வொன்றும் கைச்சூட்டோடு இருந்தது. பித்தளைத் தாம்பாளத்தில் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்தி சார்த்தி, பூசணிக்காய் உடைத்தாள். குழாயை வேண்டுமென்றே தளர்த்திவிட்டுக் கோயிலுக்குப் போய் வந்தாள். குழாய் சொட்டிக்கொண்டுதான் இருந்தது. சந்தனத்தில் ஒரு கீறல் இல்லை.

விஜயதசமி வந்தது. அவள் புனர்பூஜை போடவில்லை. தாம்பாளத்தை நகர்த்தவுமில்லை.

தேஜஸ்வினி வந்து, வீடு முழுக்கச் சுற்றிப் பார்த்தாள். குழாய், ஃபேன், மோட்டார் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அம்மாவே காரில் மார்க்கெட் போய் வந்தாள். விற்கிற பேச்சை மகள் எடுக்கவில்லை. ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் சூட்கேஸ் சக்கரம் ஆடியது. நேரே தாம்பாளம் இருந்த பூஜை அலமாரிக்குப் போய், வாடிக் கருத்த சாமந்திக்கு நடுவே கையை நீட்டினாள்.

"நக்கோ, வேணாம். தொடாத."

"கைக்கு? ஏன் தொடக்கூடாது? விஜயதசமி போயி எவ்ளோ நாளாச்சு. எடுத்து ஒரு வேலை செஞ்சு முடிக்கணும்னு அப்பாவே சொல்வாரே."

"முடிக்கல. அது அப்படியே இருக்கட்டும்."

திரிபுரசுந்தரி கைப்பையிலிருந்து தான் வாங்கிய புது ஸ்க்ரூடிரைவரை எடுத்து, சக்கரத்தைப் போதுமான அளவு முடுக்கினாள். மகள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலுக்கு வந்து கதவைச் சாத்தும்போது உள்ளே தாம்பாளம் அதிர்ந்தது. இரும்பு இரும்போடு உரசுகிற சத்தம், ஒன்றன்மேல் ஒன்றாக.

"அம்மா, உள்ள என்ன அது?"

"எலி."

பூட்டினாள். எப்போது வெளியே கிளம்பினாலும் போட்டோவைப் பார்த்து 'போயிட்டு வரேங்க' என்பது அவள் வழக்கம். இப்போதும் அது வாய் வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லிக் கிளம்பிய போதெல்லாம் அவர் ஸ்பேனரை எடுத்திருக்கிறார். வாயை இறுக்க மூடிக்கொண்டு, படியிறங்கிப் போய்க் காரை எடுத்தாள்.