இடப்பக்கத்துத் தமிழ்

தெருவில் பாதிப் பேருக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தவர் உஸ்தாபி. அடுக்களையில் மாவு பிசைந்துகொண்டிருப்பார், கூடத்தில் ஒரு பிள்ளை ஓர் எழுத்தை விழுங்கினால் போதும், "திரும்ப ஓது!" என்று அங்கிருந்தே அதட்டுவார். அப்படிப்பட்டவருக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவரும் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. "கண்ணு மங்கலா இருக்கும்மா, இந்த பஸ் எங்க போகுது?" என்று கேட்டே காலத்தை ஓட்டிவிட்டார்.

ஓதி முடித்த பிள்ளையின் வீட்டார் அன்பளிப்பாகத் தந்த தமிழ் மொழிபெயர்ப்பு ஒன்று அலமாரியில் இருந்தது. வலப்பக்கம் அரபு, இடப்பக்கம் தமிழ். வலப்பக்கத்தை ஓதுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு, பொருள்தான் தெரியாது. இடப்பக்கம் வெறும் சுவர். தொழுகையில் தினமும் ஓதுவதற்கு நன்மை உண்டு என்று சொன்னவர்கள் உண்டு. அதில் என்ன கேட்கிறோம் என்று சொன்னவரில்லை. ஊருக்கே ஓதிக் கொடுப்பவர் போய் அதை யாரிடம் கேட்பது? சாவதற்குள் அந்த இடப்பக்கத்தைத் தன் கண்ணால் படித்துவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் நெஞ்சை அரித்துக்கொண்டே இருந்தது.

பள்ளிவாசல் மாடியில் பெண்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கியது. ஒரு மாதம் தயங்கிவிட்டுத்தான் போனார். வகுப்பை நடத்தியவள் அவரிடமே ஓதிய வாயாடி.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்," என்று கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவர் மடியிலும் ஒரு புத்தகம் வந்து விழுந்தது.

"எல்லாரும் முதல் பக்கம் எடுங்க," என்றாள் வாயாடி.

வலமிருந்து இடமாக அரபு ஓதிப் பழகிய கை யார் பேச்சைக் கேட்கும்? பின்னட்டையிலிருந்து புத்தகத்தைத் திறந்து, அங்கிருந்த வாய்ப்பாட்டின் வலது ஓரத்தில் விரலை வைத்து, கம்பீரமாக நிமிர்ந்தார் உஸ்தாபி.

பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைக்காரி களுக்கென்று சிரித்துவிட்டாள். "உஸ்தாபி, இது அந்தப் பக்கத்துலேர்ந்து..." என்றவள் பாதியில் வாயை மூடிக்கொண்டாள். அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. உஸ்தாபிக்கு முகம் எரிந்தது. நாளைக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை இவரிடம் அனுப்புவாள்? எழுந்து, வாசலில் கிடந்த செருப்பை நோக்கி நடந்தார்.

வாயாடி முந்திக்கொண்டு கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.

"ஒரே எழுத்துல மாசக்கணக்கா முட்டிக்கிட்டு நின்னேனே, ஞாபகம் இருக்கா? வயித்து வலின்னு அழுதேன். விட்டீங்களா? கதவைச் சாத்திட்டு, ஓதிட்டுப் போன்னீங்க. இப்ப நான் மட்டும் விட்டுருவேனா?"

உஸ்தாபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாய் மட்டும் அப்படியே இருக்குடி உனக்கு."

ரொட்டிக்கடைக்காரி அவர் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். "உங்களுக்கு ஒரு பக்கமாவது தெரியும். எனக்கு ரெண்டு பக்கமும் இருட்டு. நாளையிலேருந்து எம்பொண்ணோட நானும் ஓத வரேன். சேத்துக்குவீங்களா?"

"தப்பா ஓதினா திட்டுவேன்."

"சிரிச்சதுக்கும் சேத்துத் திட்டுங்க."

மழைக்காலம் வந்து போனது. ஒரு மத்தியானம், வீட்டில் தனியாக இருந்தபோது, உஸ்தாபி அந்த மொழிபெயர்ப்பை எடுத்து முதல் அத்தியாயத்தை விரித்தார். வலப்பக்கத்தில், தினமும் ஓதும் வரியில் ஒரு விரல். இடப்பக்கத்தில் அதற்கு நேரே இன்னொரு விரல். 'வ'... 'ழி'... மறுபடியும் கூட்டிப் பார்த்தார். வழி. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"யா அல்லாஹ், இத்தனை வருஷமா உன்கிட்ட வழியையா கேட்டுக்கிட்டிருந்தேன்?"

மறுநாள் சாயங்காலம் பிள்ளைகள் கடகடவென்று ஓதி முடித்து, பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ரொட்டிக்கடைக்காரியும் எழுந்தாள். உஸ்தாபி போய்க் கதவைச் சாத்தினார்.

"எல்லாரும் உக்காருங்க. என்ன கேட்டீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க."