ஏழாம் நம்பர்

என் வீட்டுக்காரரை எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்ததே நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எல்லோருக்கும் கழுத்து வலி, என்ன செய்யலாம் என்று மேலாளர் கேட்டதும், "எங்க வீட்டுக்காரருக்கு மசாஜ்தான் சார் தொழில். நாற்காலில உட்கார வெச்சே செய்வார், சட்டைகூட கழட்ட வேண்டாம்" என்று பெருமையடித்துவிட்டேன்.

புதன்கிழமைதோறும் வந்தார். நாளெல்லாம் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இன்சூரன்ஸ் புகார் கேட்கிற எங்கள் பிரிவில் ஆளுக்குப் பதினைந்து நிமிடம், கம்பெனி செலவில். எனக்கு மட்டும் கிடையாது. "உங்களுக்கும் குடுத்தா, சொந்தக்காரங்களுக்குச் சலுகைன்னு பேச்சு வரும்மா" என்றார் மேலாளர்.

இரண்டு மாதத்தில் தலைவலி லீவு பாதியாகக் குறைந்ததாம். நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மசாஜ் அறைக்குள் சிடுசிடுவென்று போனவர்கள், தூங்கி எழுந்த குழந்தை மாதிரி வெளியே வந்தார்கள். அதிலும் என் எதிர் சீட்டுக்காரி இருக்கிறாளே, ஆள் வருமுன் வாசனை வருமென்று நாங்கள் செண்ட் என்று கூப்பிடுவோம், அவளுக்கு வாயெல்லாம் பல்.

"உங்க வீட்டுக்காரர் கை பஞ்சு மாதிரி! தினமும் உங்களுக்குக் கிடைக்குதே. குடுத்து வெச்சவங்க!"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்தால் அவர், "கை விட்டுப்போச்சு" என்று வெந்நீரில் விரல்களைப் போட்டுக்கொண்டு உட்காருவார். அந்த வெந்நீர் வைப்பது நான். கை கெட்டுவிடக் கூடாதே என்று காய்கறிப் பை, அரிசி மூட்டை எல்லாம் தூக்குவதும் நான். கல்யாணமாகி எட்டு வருடம். கடைசியாக அவர் என் தோளைத் தொட்டது எப்போது என்று யோசித்தால் ஞாபகமே வரவில்லை.

போன புதன்கிழமை பக்கத்து சீட்டுக்காரி லீவு. மசாஜ் வரிசைக்குக் கொடுத்த அவளுடைய ஏழாம் நம்பர் டோக்கன் மேஜையிலேயே கிடந்தது. எடுத்துக்கொண்டேன். அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்க்க வேண்டும். அதைவிட, தொட்டதும் என்னைத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் நடுவில் அவர் கை கழுவப் போவார். திரும்பி வருவதற்குள் அடுத்த ஆள் உட்கார்ந்து, நாற்காலியின் முன்னால் இருக்கிற வட்ட மெத்தையில் முகத்தைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். நான் பக்கத்து சீட்டுக்காரி நாற்காலியில் விட்டுப்போன சாம்பல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, கொண்டையைத் தூக்கிப் போட்டுக் கவிழ்ந்தேன். மெத்தை ஓட்டை வழியே தரை மட்டும் தெரிந்தது.

அவர் ஷூ வந்து நின்றது. கை தோளில் விழுந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பஞ்சுதான். இத்தனை நாள் இது ஊருக்கெல்லாம் கிடைத்ததா என்று ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

"அழுத்தம் போதுமா மேடம்?"

மேடம்! தலையை மட்டும் ஆட்டினேன்.

"வலது தோள்ல பெரிய முடிச்சா இருக்கே. கனமா ஏதாவது தூக்கறீங்களா?"

ஆட்டினேன்.

"அத குறைச்சுக்கோங்க. இது ஒரு நாள்ல போகாது. வீட்ல யாரையாவது தினம் ரெண்டு நிமிஷம் பிடிச்சு விடச் சொல்லுங்க."

"வீட்ல இருக்கிறவருக்குக் கை விட்டுப்போச்சாம்" என்றேன்.

விரல்கள் அப்படியே நின்றன.

"நீயா?"

"நானேதான். எட்டு வருஷம் ஆச்சு, தோள்கூட அடையாளம் தெரியல உங்களுக்கு."

டைமர் அடித்தது. கதவு திறந்தது, வாசனை முதலில் வந்தது. பின்னாலேயே இரண்டு ஹை ஹீல்ஸ்.

"எட்டாம் நம்பர், நான்தான்" என்றாள் செண்ட்.

"இன்னைக்கு எட்டாம் நம்பர் கிடையாது மேடம்" என்றார் அவர். கை என் தோளிலிருந்து எடுபடவில்லை.

ஹீல்ஸ் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் திரும்பி, டக்டக்கென்று போயிற்று. ஓட்டை வழியே கடைசி அடி வரைக்கும் பார்த்தேன். என் வயிறு குளிர்ந்தது.